ஒரு விண்ணப்பம், 27 நாடுகள்: ஐரோப்பாவில் டிரேட்மார்க் பதிவது எப்படி?

ஜெர்மன் மொழியில் 'மாட்ராட்சன்' என்றால் மெத்தைகள். ஜெர்மனியில் மெத்தை விற்கும் ஒருவர் அந்தச் சொல் தனக்கு மட்டுமே சொந்தம் என்று கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அரிசிக் கடைக்காரர் 'அரிசி' என்ற சொல்லை எழுதி வாங்கிக்கொள்ளப் பார்ப்பது போன்ற கதைதான் அது. ஆனால் ஸ்பெயினில் ஹுக்லா என்ற நிறுவனம் இதே சொல்லை மெத்தை வகைகளுக்கான டிரேட்மார்க்காகப் பதிந்து வைத்திருந்தது. ஸ்பெயின்காரர்களின் காதுக்கு அது பொருள் தெரியாத ஓசை. அதனால் அங்கே பெயராக நின்றுவிட்டது.

பிறகு, மாட்ராட்சன் கன்கார்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பதிவு கேட்டு விண்ணப்பித்தது. ஹுக்லா எதிர்த்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2002இல் வந்த தீர்ப்பு ஹுக்லாவுக்குச் சாதகம். ஒரே ஒரு நாட்டில் இருந்த பழைய பதிவு, மெத்தை விற்பவரின் ஐரோப்பியக் கனவை அவருடைய தாய்மொழிச் சொல்லை வைத்தே மறித்துவிட்டது. 'அப்படியானால் அந்த ஸ்பெயின் பதிவையாவது ரத்து செய்யுங்கள்' என்று அந்த நிறுவனம் தனியாக ஒரு வழக்கும் நடத்திப் பார்த்தது. ஒரு நாட்டின் மொழியில் பொருளின் பெயராகவே இருக்கும் சொல்லை, அது புரியாத இன்னொரு நாட்டில் டிரேட்மார்க்காகப் பதியத் தடையில்லை என்று 2006இல் பதில் வந்தது.

ஐரோப்பாவில் பெயரைப் பதிவது பற்றி முதன்முதலில் படிக்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். 'ஒரு விண்ணப்பம் போட்டால் 27 நாடுகள்' என்பது உண்மைதான். ஆனால் அந்த 27 நாடுகளும் ஒரே கயிற்றில் கட்டியவை. நின்றால் எல்லாம் நிற்கும், விழுந்தால் எல்லாம் விழும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கட்டணக் கணக்கும் தேதிக் கணக்கும்தான்.

டிரேட்மார்க்குக்கு எல்லைக்கோடு உண்டு

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். டிரேட்மார்க், அதாவது வணிகக் குறி, என்பது உங்கள் சரக்கை அடுத்தவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். பெயர், லோகோ, சில சமயம் வடிவம், நிறம், ஒலிகூட அப்படி ஆகலாம். நிறுவனத்தைப் பதிவு செய்வது வேறு, இணையதளப் பெயரை வாங்குவது வேறு, டிரேட்மார்க் வேறு. மூன்றையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

அந்த உரிமை, எந்த நாடு தந்ததோ அந்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். சென்னையில் பதிந்த பெயருக்கு மிலானில் எந்த மதிப்பும் கிடையாது. பாரிஸில் பதிந்தது மாட்ரிட்டில் செல்லாது. சரக்குக்கு எல்லை இல்லாமல் பெயருக்கு மட்டும் எல்லை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காபிக் கதை உண்டு.

ஜெர்மனியின் பிரெமன் நகரத்து ஹாக் நிறுவனம் கஃபீன் நீக்கிய காபிக்குப் பேர்போனது. 1927இல் பெல்ஜியத்தில் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின் கடைசியில் பெல்ஜியம் அதை எதிரிநாட்டுச் சொத்து என்று கைப்பற்றியது. பெயரும் சேர்ந்து வேறு கைக்குப் போயிற்று. அதிலிருந்து ஐரோப்பாவில் ஒரே 'ஹாக்' பெயரில், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு முதலாளிகள். ஜெர்மன் ஹாக் காபி லக்சம்பர்குக்குள் வந்தபோது பெல்ஜியத்து உரிமையாளர் வழக்குப் போட்டார். தடுக்க முடியாது, பொதுச் சந்தையில் சரக்கு தடையின்றிப் போக வேண்டும் என்று 1974இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பிறகு பெல்ஜியத்து ஹாக் ஜெர்மனிக்குள் நுழையப் பார்த்தது. இந்த முறை, 1990இல், அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றிக்கொண்டு, ஜெர்மன் உரிமையாளர் தடுக்கலாம் என்றது. தன் தீர்ப்பு தவறு என்று ஒரு நீதிமன்றம் வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அடிக்கடி நடப்பதில்லை.

இப்படிப்பட்ட சிக்கல்கள் வராமலிருக்க, சந்தை முழுவதற்கும் ஒரே உரிமை வேண்டும் என்ற பேச்சு நீண்ட காலமாக இருந்தது. 1993 டிசம்பரில் அதற்கான சட்டம் வந்தது. ஸ்பெயினின் கடற்கரை நகரமான அலிகான்டேயில் அலுவலகம் திறந்து, 1996 ஏப்ரல் 1 முதல் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு அதற்கு 'சமூக டிரேட்மார்க்' என்று பெயர். 2016இல் அது 'ஐரோப்பிய ஒன்றிய டிரேட்மார்க்' ஆயிற்று. அலுவலகமும் ஐரோப்பிய ஒன்றிய அறிவுசார் சொத்து அலுவலகம் என்று பெயர் மாறியது. பெயர் நீளமாக இருப்பதால் இனி அலிகான்டே அலுவலகம் என்றே சொல்கிறேன்.

மூன்று வழிகள்

இன்றைக்கு ஐரோப்பாவில் பல நாடுகளில் ஒரு பெயரைக் காக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நாடு நாடாகப் போவது. ஜெர்மனிக்கு மியூனிக்கில் உள்ள அலுவலகம், பிரான்சுக்கு அங்குள்ள ஐஎன்பிஐ, இப்படி ஒவ்வொன்றாக. இதில் ஒரு வேடிக்கை: பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றுக்கும் தனித்தனி டிரேட்மார்க்கே கிடையாது. ஹேக் நகரத்தில் உள்ள பெனலக்ஸ் அலுவலகம் மூன்றுக்கும் சேர்த்து ஒன்றைத்தான் தருகிறது. ஆக 27 நாடுகளுக்கும் தனித்தனியாகப் போகிறேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவர் போட வேண்டியது 25 விண்ணப்பங்கள்.

இரண்டாவது, அலிகான்டேயில் ஒரே விண்ணப்பம்.

மூன்றாவது, மேட்ரிட் முறை. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனம் நடத்துவது. சொந்த நாட்டில் போட்ட விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து, எந்தெந்த நாடுகள் வேண்டும் என்று ஒரே படிவத்தில் டிக் செய்கிற ஏற்பாடு. அந்தப் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியமே ஒரு 'நாடு' போல 2004 அக்டோபர் முதல் இருக்கிறது. இந்தியா 2013 ஜூலையில் சேர்ந்தது.

எது நல்லது என்று கேட்டால், முதலில் காசுக் கணக்கைப் பார்க்கலாம். அலிகான்டேயில் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 850 யூரோ. இரண்டாவது கிளாஸுக்கு 50 யூரோ கூடுதல். மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 150. அதாவது மூன்று கிளாஸ் என்றால் 1,050 யூரோ. ஜெர்மனியில் மட்டும் பதிய இணையவழியில் 290 யூரோ, அதிலேயே மூன்று கிளாஸ் வரை அடங்கும். பிரான்சில் ஒரு கிளாஸுக்கு 190 யூரோ. கட்டணங்கள் அவ்வப்போது மாறும், ஆகவே பணம் கட்டும் நாளில் அந்தந்த அலுவலகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கின் போக்கு தெரிகிறது அல்லவா? ஜெர்மனியும் பிரான்சும் மட்டும்தான் உங்கள் சந்தை என்றால், ஒரு கிளாஸுக்கு இரண்டுக்கும் சேர்த்து 480 யூரோ. ஒன்றிய விண்ணப்பத்தில் பாதிக்குச் சற்று மேல். நாலைந்து நாடுகள் ஆகிவிட்டால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி மொழி, தனி வக்கீல், தனிப் புதுப்பிப்புத் தேதி என்று செலவு ஏறும். அப்போது 850 மலிவாகத் தெரியும். ஜெர்மனியில் பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்கும்போது 750 யூரோ கேட்பார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அலிகான்டேயில் பதியும்போது என்ன கட்டணமோ புதுப்பிப்புக்கும் அதேதான்.

காசை வைத்து மட்டும் முடிவெடுப்பவர்களைத்தான் அந்த மெத்தைக் கதை பயமுறுத்த வேண்டும்.

எல்லாம் அல்லது ஒன்றுமில்லை

ஒன்றிய டிரேட்மார்க்கின் குணத்தை 'ஒருமைத் தன்மை' என்று சட்டத்தில் சொல்கிறார்கள். பிரான்சுக்கு மட்டும் பிரித்து விற்க முடியாது. (ஒரு பகுதிக்கு மட்டும் உரிமம் கொடுக்கலாம், அது வேறு விஷயம்.) போலந்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற 26க்கும் கொடுங்கள் என்று கேட்க முடியாது. நல்லதும் கெட்டதும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது உங்கள் பெயரைத் திருடினால் ஒரு நாட்டில் உள்ள ஒன்றிய டிரேட்மார்க் நீதிமன்றத்தில் வாங்கும் தடை, பொதுவாக ஒன்றியம் முழுவதும் செல்லும். 2011இல் டிஎச்எல் சம்பந்தப்பட்ட ஒரு பிரெஞ்சு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதை உறுதி செய்தது. சுங்கத்துறையிடமும் ஒரே மனு போட்டுப் பல துறைமுகங்களில் போலிச் சரக்கை நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.

கெட்டது என்னவென்றால், 24 ஆட்சிமொழிகளில் எந்த ஒன்றிலாவது உங்கள் பெயர் அந்தச் சரக்கையே குறிக்கும் சொல்லாக இருந்தால் விண்ணப்பம் காலி. ஃபின்னிஷ் மொழியில் பொருள் வருகிறது என்பதற்காக ஸ்பெயினிலும் போய்விடும். ஆட்சிமொழிகளோடும் விஷயம் நிற்பதில்லை. 'பிலோம்பிர்' என்பது ரஷ்ய மொழியில் ஒருவகை ஐஸ்கிரீம். ரஷ்யன் ஒன்றியத்தின் ஆட்சிமொழி இல்லை. ஆனால் பால்டிக் நாடுகளில் ரஷ்யன் புரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதை 2018இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் (ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே உள்ளது) கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தப் பெயர் வெறும் கற்பனைப் பெயர் என்று விட்டுவிட்ட அலுவலகத்தின் முடிவை ரத்து செய்தது. ஐரோப்பாவில் தமிழ் தெரிந்தவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்கு வராது என்று தைரியம் கொண்டு 'தோசை' என்று தோசை மாவுக்குப் பெயர் வைக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: வேண்டாம். சட்டம் விட்டாலும், அடுத்த கடைக்காரர் தோசை என்று எழுதுவதை நீங்கள் எப்படித் தடுக்கப்போகிறீர்கள்?

வடிவத்தைக் காப்பதில் இந்த ஒருமைத் தன்மை இன்னும் கடுமையாகக் கடிக்கும். நெஸ்லே நிறுவனம் கிட்கேட் சாக்லேட்டின் நாலு விரல் வடிவத்தை ஒன்றிய டிரேட்மார்க்காகப் பதிந்திருந்தது. போட்டி நிறுவனம் 2007இல் அதை எதிர்த்துக் கிளம்பியது. சாதாரண வடிவமாக இருந்தாலும் மக்கள் அதைப் பார்த்தவுடன் இந்த நிறுவனத்துடையது என்று அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது என்று நிரூபித்தால் பதிவு நிற்கும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி என்று பத்து நாடுகளுக்கு நெஸ்லேவால் காட்ட முடிந்தது. பெல்ஜியம், அயர்லாந்து, கிரீஸ், போர்ச்சுகல் பற்றிய கேள்வி தொங்கலில் நின்றது. பெரும்பாலான நாடுகளுக்குக் காட்டினால் போதாது, ஒன்றியம் முழுவதற்கும் காட்ட வேண்டும் என்று 2018 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. உலகப் புகழ்பெற்ற சாக்லேட்டுக்கே இந்தக் கதி. அடுத்த ஆண்டு அடிடாசின் மூன்று கோடுகளுக்கும் இதே மாதிரி அடி விழுந்தது. அவர்கள் காட்டிய ஆதாரம் ஐந்து நாடுகளைத்தான் எட்டியது.

முழுவதும் விழுந்துவிட்டால் கையில் ஒன்றுமே மிஞ்சாதா? மிஞ்சும். 'மாற்றம்' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினில் மட்டும் தடை என்றால், மூன்று மாதத்துக்குள் 200 யூரோ கட்டி, மற்ற நாடுகளில் தனித்தனி தேசிய விண்ணப்பமாக மாற்றிக் கேட்கலாம். முதலில் போட்ட தேதியும் கைவிட்டுப் போகாது. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் மறுபடி கட்டணம், மறுபடி வக்கீல். மிச்சம் பிடிக்க நினைத்த காசெல்லாம் இங்கே போகும்.

விண்ணப்பம் போடும்போது

முதலில் தேடிப் பாருங்கள். டிஎம்வியூ என்ற இலவசத் தளத்தில் ஒன்றியத்தின் பதிவுகளும் ஒவ்வொரு நாட்டின் தேசியப் பதிவுகளும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அதே எழுத்தை மட்டும் தேடினால் போதாது. காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதையும் தேட வேண்டும். தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கு நாலு விதம் இருக்கும், நாலையும் தேடுங்கள்.

அடுத்தது கிளாஸ். நீஸ் நகரத்தில் 1957இல் போட்ட ஒப்பந்தத்தின்படி உலகத்துச் சரக்கும் சேவையும் 45 கிளாஸ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 34 வரை சரக்கு, மிச்சம் 11 சேவை. மசாலாத்தூள், காபி, அரிசி எல்லாம் 30. ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29. துணிமணி 25. சாப்பாட்டுக் கடை 43. சில்லறை விற்பனை 35. ஆக, ஊறுகாயும் சாம்பார்ப் பொடியும் விற்கிற ஒரு சிறிய வியாபாரிக்கே இரண்டு கிளாஸ் ஆகிவிட்டது, 900 யூரோ. பட்டியலை யோசித்து எழுதுங்கள். போட்ட பிறகு சரக்குகளைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. பெயரின் எழுத்தையோ லோகோவின் உருவத்தையோ மாற்றவும் கிட்டத்தட்ட வழியில்லை. அதனால்தான் அனுபவசாலிகள், லோகோவை ஆண்டுக்கொரு முறை மாற்றும் பழக்கமுள்ளவர்களிடம் வெறும் எழுத்தாக, சொல்லை மட்டும் முதலில் பதியச் சொல்கிறார்கள்.

விண்ணப்பத்தை 24 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதாக ஒரு மொழியையும் குறிப்பிட வேண்டும். அது ஸ்பானிஷ், ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் என்ற ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். யாராவது எதிர்த்தால் சண்டை அந்த மொழியில் நடக்கலாம் என்பதால் இதை ஏனோதானோவென்று நிரப்பாதீர்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருப்பவர், சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விண்ணப்பத்தைத் தானே போடலாம். ஆனால் அதற்கு மேல் எந்த நடவடிக்கைக்கும் அங்குள்ள தகுதிபெற்ற பிரதிநிதி ஒருவர் கட்டாயம்.

இந்தியாவிலோ இலங்கையிலோ முதலில் விண்ணப்பித்துவிட்டு ஆறு மாதத்துக்குள் ஐரோப்பாவில் போட்டால், முதல் விண்ணப்பத்தின் தேதியையே இங்கும் கேட்டுப் பெறலாம். அறிவுசார் சொத்துக்கான பாரிஸ் உடன்படிக்கை தந்த சலுகை இது. ஆறு மாதம் ஒரு நாள் ஆனாலும் போயிற்று.

இப்போது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறோம். அலிகான்டே அலுவலகம் உங்கள் பெயர் விற்கும் சரக்கைக் குறிக்கும் சொல்லா, ஏமாற்றுகிறதா, பொது ஒழுக்கத்துக்கு விரோதமா என்று மட்டும்தான் பார்க்கும். அதே பெயர் வேறொருவரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துத் தானாக நிராகரிக்காது. அதைப் பார்த்துக்கொள்வது பழைய உரிமையாளரின் வேலை. இந்தியாவின் பதிவகத்தில், 'இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது' என்று பரிசோதனை அறிக்கை வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். 'அலுவலகம் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே பெயர் நமக்குத்தான்' என்று பாட்டில் லேபிள் அச்சடிக்கக் கொடுத்துவிட வேண்டாம்.

விண்ணப்பம் வெளியிடப்பட்டதிலிருந்து மூன்று மாதம் எதிர்ப்புக்கான காலம். 27 நாடுகளில் எங்காவது பழைய பதிவு வைத்திருக்கும் யாரும் 320 யூரோ கட்டி எதிர்க்கலாம். ஹுக்லா செய்தது இதைத்தான். எதிர்ப்பு வந்துவிட்டது என்றதும் இடிந்துபோக வேண்டியதில்லை. இரு தரப்பும் பேசிக்கொள்ள முதலில் இரண்டு மாதம் ஒதுக்குகிறார்கள், இருவரும் சம்மதித்தால் அதை 24 மாதம் வரை நீட்டலாம். 'நீ ஊறுகாயோடு நின்றுகொள், நான் சாஸ் பக்கம் வரமாட்டேன்' என்ற மாதிரி உடன்பாடுகள் இங்கேதான் பிறக்கின்றன. யாரும் எதிர்க்காவிட்டால் நாலைந்து மாதத்தில் பதிவு கையில் வந்துவிடும். விண்ணப்பித்த தேதியிலிருந்து பத்து ஆண்டு செல்லும். பிறகு பத்துப் பத்தாண்டாக எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம்.

ஐரோப்பா வேறு, ஒன்றியம் வேறு

ஐரோப்பாவில் தமிழர் வியாபாரம் நடக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹாரோ. பாரிஸில் லா சப்பல். சூரிச். ஆஸ்லோ. ஜெர்மனியின் சில நகரங்கள். இந்தப் பட்டியலோடு 850 யூரோ கட்டி ஒன்றிய டிரேட்மார்க் வாங்கினால் எவை அடங்கும்? பாரிஸும் ஜெர்மனியும்தான். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் என்றுமே சேர்ந்ததில்லை. பிரிட்டன் 2020 ஜனவரி 31இல் வெளியேறிவிட்டது. எஸ்தோனியாவிலும் சைப்ரசிலும் பெயருக்குக் காப்பு இருக்கும், ஈஸ்ட்ஹாமில் இருக்காது. நம் ஆட்களின் வரைபடமும் ஒன்றியத்தின் வரைபடமும் இவ்வளவு விலகி நிற்பது நிறையப் பேருக்கு உறைப்பதில்லை.

பிரிட்டன் விஷயத்தில் பழைய உரிமையாளர்களுக்கு நல்ல ஏற்பாடு நடந்தது. 2020 டிசம்பர் 31 வரை பதிவாகியிருந்த ஒவ்வொரு ஒன்றிய டிரேட்மார்க்குக்கும் பிரிட்டன் தானாகவே, காசு வாங்காமல், அதற்குச் சமமான ஒரு பிரிட்டிஷ் பதிவை உருவாக்கிக் கொடுத்தது. அதிலிருந்து அவை இரண்டும் தனித்தனி உயிர்கள். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது புதுப்பித்ததாக ஆகாது. 2021 முதல் வந்தவர்கள் பிரிட்டனுக்குத் தனியாகத்தான் போட வேண்டும்.

இப்படிச் சிதறிய வரைபடம் உள்ளவருக்குத்தான் மேட்ரிட் முறை பொருந்துகிறது. ஒன்றியம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து, நார்வே நான்கையும் ஒரே படிவத்தில் கேட்கலாம். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக் குறிக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணமாக இருந்தால் 903. அதற்கு மேல் ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கட்டணம். அடுத்து துருக்கிக்குப் போக வேண்டும் என்றால் அதே பதிவில் சேர்த்துக்கொள்ளலாம், புதுப்பிப்பும் ஒரே இடத்தில்.

இதற்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. முதல் ஐந்து ஆண்டுகள் இந்தச் சர்வதேசப் பதிவு, உங்கள் சொந்த நாட்டுப் பதிவின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். சொந்த ஊரில் யாராவது அதைத் தட்டிவிட்டால் ஐரோப்பாவில் உள்ளதும் சேர்ந்து விழும். ஆகவே இந்தியாவில் போட்ட விண்ணப்பம் ஆட்டம் காணுகிற நிலையில் இருக்கும்போது அதன் மேல் மேட்ரிட் கட்டடம் எழுப்புவது புத்திசாலித்தனம் இல்லை. இன்னொன்று, மேட்ரிட் வழியாக ஒன்றியத்தைக் கேட்டாலும் ஒன்றியத்தின் விதிகள்தான். 27 நாடுகளின் கயிறு அங்கேயும் அவிழாது.

பதிந்தால் போதாது, விற்க வேண்டும்

இந்தியாவில் பழகியவர்கள், 'நான்தான் முதலில் இந்தப் பெயரில் விற்றேன்' என்பதைப் பெரிய ஆயுதமாக நினைப்பார்கள். ஒன்றிய டிரேட்மார்க் பதிவால் மட்டுமே பிறக்கிறது. யார் முதலில் விண்ணப்பித்தாரோ அவருக்கு முன்னுரிமை. உங்கள் விநியோகஸ்தரே உங்கள் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொள்ளும் ஆபத்து அதனால்தான் நிஜமானது. திரும்பப் பெற வழி உண்டு, ஆனால் அலைச்சல். 2012 டிசம்பரில் போர்ச்சுகலைச் சேர்ந்த ஒருவர் 'நெய்மர்' என்ற பெயரைத் துணிமணிக்காகக் கேட்டு, மறு ஆண்டு பதிவும் வாங்கிவிட்டார். பிரேசிலின் கால்பந்து வீரர் அப்போது இன்னும் பார்சிலோனாவுக்கு வரவில்லை. பெயரின் ஓசை பிடித்திருந்தது, அவர் வளர்ந்துவரும் நட்சத்திரம் என்பது தெரியாது என்றார் விண்ணப்பித்தவர். ஆனால் அதே நாளில் அவர் ஸ்பெயினின் கோல்கீப்பர் 'இகர் கசியாஸ்' பெயரையும் கேட்டிருந்தார்! கெட்ட எண்ணத்தோடு போட்ட விண்ணப்பம் என்று 2019 மே மாதம் பொது நீதிமன்றம் பதிவின் ரத்தை உறுதி செய்தது. நெய்மருக்கு அதற்கு வக்கீல்களும் காசும் இருந்தன. மசாலா வியாபாரிக்கு ஆறேழு ஆண்டு காத்திருக்க முடியுமா?

பதிந்துவிட்டுச் சும்மா இருப்பதும் முடியாது. பதிவாகி ஐந்து ஆண்டு கழிந்த பிறகு, நீங்கள் உண்மையாகவே அந்தப் பெயரில் விற்கிறீர்களா என்று யாரும் கேட்கலாம். கேட்டால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 27 நாடுகளிலும் விற்றிருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை நாடு என்று எல்லைக்கோட்டை வைத்து எண்ணாதீர்கள், அந்தச் சரக்கின் சந்தையையும் விற்பனையின் அளவையும் பாருங்கள் என்று 2012இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர் மெக்டொனால்ட்ஸ். 'பிக் மேக்' பெயருக்கு அவர்கள் விண்ணப்பித்தது 1996 ஏப்ரல் 1, அலுவலகம் கதவு திறந்த முதல் நாள். அயர்லாந்தின் கால்வே பக்கத்து சூப்பர்மேக்ஸ் என்ற பர்கர் நிறுவனம் 2017இல், 'நீங்கள் இந்தப் பெயரை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள், காட்டுங்கள்' என்று மனுப் போட்டது. மெக்டொனால்ட்ஸ் கொடுத்தது இணையதளப் பக்கங்களின் அச்சு, விளம்பரத் தாள்கள், தன் அலுவலர்களின் உறுதிமொழிகள், ஒரு விக்கிபீடியா பக்கம். உலகத்துக்கே தெரிந்த பெயர் என்ற நம்பிக்கை போலும். 2019 ஜனவரியில் அலுவலகம் மொத்தப் பதிவையும் ரத்து செய்தது. மேல்முறையீட்டில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் 2024 ஜூன் 5இல் பொது நீதிமன்றம், கோழிக்கறி சாண்ட்விச்சுக்கும் கோழி உணவுகளுக்கும் அந்தப் பெயரைப் பயன்படுத்தியதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டது. மாட்டுக்கறி பர்கருக்குப் பெயர் தப்பியது.

ஆகவே பில், ஷிப்பிங் பேப்பர், தேதியோடு கூடிய விளம்பரம், எந்த நாட்டில் எத்தனை பெட்டி போனது என்ற கணக்கு, லேபிள் படம் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கணக்குப்பிள்ளை வருமானவரிக்காகச் செய்வதை இதற்காகவும் செய்தால் போதும்.

அப்புறம், விண்ணப்பம் வெளியான சில வாரத்தில் உங்கள் முகவரிக்கு அழகான முத்திரையோடு ஒரு கடிதம் வரலாம். உங்கள் டிரேட்மார்க்கின் படம், எண், எல்லாம் சரியாக இருக்கும். 'ஐரோப்பியப் பதிவேட்டில் சேர்க்க' என்று ஆயிரம் யூரோவுக்கு மேல் கேட்டிருக்கும், பணம் அனுப்ப வங்கிக் கணக்கும் இருக்கும். உங்கள் விவரங்கள் பொதுவில் வெளியாவதால் யார் வேண்டுமானாலும் எடுத்து இப்படி எழுத முடியும். அலிகான்டே அலுவலகம் யாருக்கும் தபாலில் பில் அனுப்புவதில்லை. அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடலாம், அல்லது அலுவலகத்தின் தளத்தில் உள்ள மோசடிக் கடிதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடலாம்.